43 வயதில் நீச்சல்: மூன்று வகுப்பு முடிந்தும் முகத்தைத் தண்ணீரில் வைக்க முடியவில்லை

கரையோரம் | திங்கள், இரவு 10:40

வணக்கம். எனக்கு 43 வயது. போன மாதம் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். மூன்று வகுப்பு முடிந்துவிட்டது. இன்னும் முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க முடியவில்லை.

தண்ணீர் நெஞ்சளவுதான். கால் தரையில் இருக்கிறது. ஒன்றும் ஆகாது என்று அறிவுக்குத் தெரிகிறது. ஆனால் தாடை நனைந்ததும் தொண்டை இறுகிவிடுகிறது. மூச்சு மேலேயே நின்றுவிடுகிறது. கை தானாகப் போய் விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. போன வகுப்பில் கம்பியை விட்டபோது விரல் மூட்டெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. அவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறேன் என்றே அதுவரை எனக்குத் தெரியாது.

பக்கத்துத் தடத்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் மீன்குஞ்சு மாதிரி போய்வருகிறார்கள். அவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம் வேறு.

"பயம் தெளிந்த பிறகு வாருங்கள், அவசரமில்லை" என்று வகுப்பில் அன்பாகத்தான் சொன்னார்கள். பயத்தை எங்கே கொண்டுபோய்த் தெளிய வைப்பது? வியாழக்கிழமை நாலாவது வகுப்பு. போகலாமா, ஒரு மாதம் ஆறப்போடலாமா? புதிதாக ஒன்றைத் தொடங்கும்போது உடம்பே மறுத்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் எழுதுங்கள். நீச்சலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

தீக்குச்சி | திங்கள், இரவு 11:15

யோசிக்க யோசிக்கப் பயம் வளரும். வியாழக்கிழமை போனதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே முங்காக முங்கிவிடுங்கள். இருந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியபோது நான் அப்படித்தான் செய்தேன். கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருந்தால் இன்றைக்கும் கணக்குத்தான் போட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நொடி துணிச்சல் போதும் அக்கா.

நத்தை | செவ்வாய், காலை 6:05

தயவுசெய்து ஆறப்போடாதீர்கள்.

நான் 51 வயதில் கார் ஓட்டப் பழகினேன். முதல் மாதத்தில் நாலு வகுப்புக்குத் தலைவலி என்று சொல்லிப் போகவில்லை. "இன்றைக்கு வரவில்லை" என்று போனில் சொல்லி வைத்ததும் உடம்பெல்லாம் லேசாகும் பாருங்கள், அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் பயத்துக்கு நான் போட்ட தீனி என்பது பிறகுதான் விளங்கியது. தப்பித்த ஒவ்வொரு தடவையும் "போயிருந்தால் ஏதோ ஆகியிருக்கும், நல்லவேளை போகவில்லை" என்று மனம் குறித்துவைத்துக்கொள்கிறது. போகாமல் இருந்ததால், ஒன்றும் ஆகாது என்று அது கண்டுகொள்ள வழியே இல்லாமல் போய்விடுகிறது. அடுத்த வாரம் அதே சாலை இன்னும் அகலமாகத் தெரியும், அதே லாரி இன்னும் பெரிதாகத் தெரியும்.

என்னை மீட்டது பயிற்சியாளரின் ஒரு யோசனை. ஐந்தாவது வகுப்பில் வண்டியை ஓட்டவே விடவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத திடலில் மெதுவாக நகர்த்தி நிறுத்துவது, மறுபடி நகர்த்தி நிறுத்துவது, அவ்வளவுதான். ஒரு மணி நேரமும் பிரேக்தான். "நிறுத்தத் தெரிந்தவருக்கு ஓட்டுவதில் என்ன பயம்" என்றார். அன்று வீட்டுக்கு வரும்போது வலது கணுக்கால் வலித்தது. ஆனால் மறுநாள் வகுப்பை முதல்முறையாக எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

பழந்துடுப்பு | செவ்வாய், காலை 9:30

பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதுதான் 18 வருடமாக என் வேலை. வியாழக்கிழமை கட்டாயம் போங்கள். ஆனால் அன்றைக்கு முகத்தை நனைக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு முங்கவே வேண்டாம்.

எதற்குப் பயம் என்று கேட்டால் எல்லாரும் "தண்ணீருக்கு" என்பார்கள். கொஞ்சம் கிளறினால் வேறு பதில் வரும்: "கால் தரையை விட்டுவிட்டால் திரும்ப எப்படி நிற்பது என்று தெரியவில்லை." அடியில் கிடப்பது இதுதான். இது நியாயமான பயம், ஏனென்றால் உண்மையிலேயே அவர்களுக்குத் தெரியாது. மிதக்கும் நிலையிலிருந்து எழுந்து நிற்பது யாருக்கும் தானாக வருவதில்லை. பழகாதவர் முதலில் தலையைத் தூக்குவார். மனிதத் தலை நாலைந்து கிலோ இருக்கும். அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தால் மீதி உடம்பு கீழே அமிழும். கால் தரையைத் துழாவும், அகப்படாது. பதற்றம் பிறப்பது அந்த இடத்தில்தான்.

அதனால் நான் மிதக்கச் சொல்லிக்கொடுக்கும் முன்பு எழச் சொல்லிக்கொடுப்பேன். விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பழகலாம். இரண்டு முழங்காலையும் நெஞ்சுக்கு இழுங்கள். கையால் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். உடம்பு தொட்டில் ஆடுவதுபோல நிமிர ஆரம்பிக்கும். அப்போது தலையைத் தூக்கிப் பாதத்தை ஊன்றுங்கள். முழங்கால், கை, அப்புறம்தான் தலை. பயிற்சியாளரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி இதை மட்டும் ஒரு வகுப்பு முழுக்கச் செய்யுங்கள். அலுத்துப்போகும் அளவுக்குச் செய்யுங்கள்.

இன்னொன்று. நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது பெரும்பாலானவர்களின் உடம்பு தண்ணீரைவிடச் சற்று லேசானது. ஆனால் காற்று இருப்பது நெஞ்சில், கனம் இருப்பது இடுப்புப் பக்கம். ஆகவே கால் கொஞ்சம் தாழத்தான் செய்யும். அதை மூழ்குவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூச்சுக்கு வருவோம். "மேலேயே நின்றுவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இழுத்த மூச்சை விடாமல் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மூச்சுக்குத் தவிப்பது பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால் இல்லை, உள்ளே கரியமில வாயு சேர்வதால். அதை வெளியே விட வேண்டும். வீட்டில் ஒரு அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உதடு மட்டும் நனைகிற மாதிரி குனிந்து ஊதுங்கள். அடுத்த நாள் மூக்கு நுனி வரைக்கும். வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். முனகும்போது காற்று மூக்கு வழியாக வந்துகொண்டே இருக்கும், தண்ணீர் ஏற இடமிருக்காது. முனகலை நிறுத்துவதற்கு முன் முகத்தை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான் இந்த வாரத்துக்கு.

கரையோரம் | செவ்வாய், மதியம் 1:20

அலுவலகத்தில் உட்கார்ந்து படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "திரும்ப எப்படி நிற்பது" என்பதை இத்தனை நாள் எனக்கே நான் சொல்லிப் பார்த்ததில்லை.

முதல் பதிவில் ஒன்றை விட்டுவிட்டேன். ஆறு வயதில் உறவினர் ஒருவர் "பயம் போகட்டும்" என்று என்னைக் கிணற்றுப் படியிலிருந்து தூக்கித் தண்ணீரில் போட்டார். உடனே எடுத்துவிட்டார்கள், சில நொடிகள்தான் இருக்கும். எனக்கு நினைவிருப்பது பச்சை நிறமும் காதுக்குள் ஒரு இரைச்சலும். எழுந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். அதன் பிறகு 37 வருடம் நான் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவில்லை.

தீக்குச்சி தம்பி, உங்கள் மீது கோபமில்லை. ஆனால் ஒரே முங்கு எனக்கு ஏற்கெனவே நடந்த கதை.

தீக்குச்சி | செவ்வாய், மதியம் 2:10

மன்னித்துவிடுங்கள் அக்கா. தெரியாமல் சொல்லிவிட்டேன்.

இலைமறைவு | செவ்வாய், இரவு 9:00

உளவியல் ஆலோசனைத் துறையில் இருக்கிறேன். அதனால் ஒரு பழைய ஆய்வைச் சொல்லத் தோன்றுகிறது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வெளியிட்டது. மூன்று வயது நிரம்பாத சிறுவன், ஆய்வில் அவன் பெயர் பீட்டர். முயலைக் கண்டாலே அலறுவான். அவர்கள் முயலை அவன் மடியில் தூக்கிப் போடவில்லை. அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டில் முயலைத் தூரத்தில் வைத்தார்கள். அவன் கலங்காத தூரம் எதுவோ அந்தத் தூரம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அருகில். முயலுக்குப் பயப்படாத மற்றக் குழந்தைகளும் கூட விளையாடினார்கள். முடிவில் முயல் அவன் விரலைக் கொறிக்கும் அளவுக்குப் பழகிவிட்டான்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் நடுவில் நடந்ததை விட்டுவிடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான். பாதி வழியில் பீட்டருக்குக் காய்ச்சல் வந்து இரண்டு மாதம் வரமுடியவில்லை. அதோடு ஒரு பெரிய நாய் அவனைப் பயமுறுத்திவிட்டது. திரும்பி வந்தபோது பழைய பயம் அப்படியே இருந்தது. மறுபடி தூரத்திலிருந்து தொடங்கினார்கள்.

பயம் அழிவதில்லை என்பதுதான் இன்றைய புரிதல். "தண்ணீர் ஆபத்து" என்ற பழைய நினைவு அங்கேயே இருக்கும். அதற்குப் பக்கத்தில் "தண்ணீரில் நின்றேன், எழுந்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற புது நினைவு ஒன்று உருவாகி வலுக்கிறது. அதனால்தான் வேறு குளம், வேறு நேரம், நீண்ட இடைவெளி என்று ஏதாவது மாறினால் பழையது தலைதூக்கும். அப்படி நடந்தால் பட்ட பாடெல்லாம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள்.

உளவியலாளர் ஆல்பர்ட் பாந்துரா 1977இல் எழுதியதும் இங்கே பொருந்தும். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று அவர் வரிசைப்படுத்தினார். மற்றவர் சொல்லும் ஊக்க வார்த்தைகளும் பட்டியலில் உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் வலுவானது நாமே செய்து முடித்த அனுபவம்தான், சின்னதாக இருந்தாலும். "பயம் தெளிந்த பிறகு வாருங்கள்" என்று உங்களுக்குச் சொன்னவர்கள் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

பிள்ளைகள் பார்ப்பது பற்றி: 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பாடகரின் முகம் அச்சிட்ட, அவர்கள் வெட்கப்படக்கூடிய சட்டையைப் போட்டு ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று சட்டை போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர்தான்.

மேடைக்குப்புதிது | செவ்வாய், இரவு 11:50

பழந்துடுப்பு ஐயா சொன்ன "முதலில் எழப் பழகு" என்பதைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. எனக்குப் பேச்சுத்தான் பயம். முதல் மேடையில் மூன்றாவது நிமிடம் எல்லாம் மறந்துபோய் நின்றேன். ஒலிவாங்கியில் என் மூச்சுச் சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பேச்சுக்கும் இருபது தடவை ஒத்திகை பார்ப்பேன். பயம் குறையவில்லை. மறக்காமல் இருக்கப் பழகினேனே தவிர, மறந்தால் என்ன செய்வது என்று ஒருநாளும் பழகவில்லை.

இப்போது ஒரு சின்ன அட்டையில் ஒரே ஒரு வரி எழுதி வைத்துக்கொள்கிறேன்: "இதுவரை சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்." மறந்துபோனால் அந்த வரியைச் சொல்லி, கடைசியாகச் சொன்னதிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். வீட்டில் வேண்டுமென்றே பாதியில் நிறுத்திவிட்டு அந்த வரியிலிருந்து எழுந்து பார்த்தேன். ஒன்பது மேடை ஆகிவிட்டது. அட்டையை ஒரே ஒருமுறைதான் எடுத்தேன்.

இதயம் அடித்துக்கொள்வது மட்டும் நிற்கவில்லை. அதை அடக்கப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். பேசவும் பாடவும் போகிறவர்கள் "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வதைவிட "உற்சாகமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டபோது நன்றாகச் செய்தார்கள் என்று 2014இல் ஒரு ஆய்வு வந்தது. பயத்திலும் ஆர்வத்திலும் உடம்பு ஒரே மாதிரிதான் துடிக்கிறது. துடிப்பை நிறுத்துவது கடினம், அதற்கு வேறு பெயர் வைப்பது அவ்வளவு கடினமில்லை.

தீக்குச்சி | புதன், காலை 7:30

ஒரு மாற்றுக்கருத்து. இந்தமுறை யோசித்துத்தான் எழுதுகிறேன். திரும்பும் வழி கையில் இருந்தால் பாதி மனத்தோடுதான் இறங்குவோம் என்று இன்னும் நம்புகிறேன். வேலையை விட்டபோது முதலாளி "ஆறு மாதம் இடம் காலியாக வைக்கிறேன், முடியாவிட்டால் வந்துவிடு" என்றார். வேண்டாம் என்றேன். அந்த ஆறு மாதமும் அந்த நாற்காலியையே நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

பழந்துடுப்பு | புதன், காலை 10:00

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை நான் தினமும் பார்க்கிறேன். கம்பியை விடாமலே மூன்று மாதம் ஓட்டுபவர்கள் உண்டு. கம்பி அவர்களுக்குத் திரும்பும் வழி இல்லை, போகாமல் இருக்கும் வழி. எழப் பழகுவது வேறு. அது உங்கள் முழங்காலிலும் கையிலும் இருக்கிறது, நடுக்குளத்துக்கும் கூடவே வரும். ஒன்று கேட்கிறேன்: அந்த நாற்காலியை வேண்டாம் என்றபோது உங்களிடம் வேறு ஒன்றுமே இல்லையா?

தீக்குச்சி | புதன், காலை 10:25

எட்டு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருந்தது. தொழில் படுத்தால் எந்த மாதம் மூட வேண்டும் என்று மனைவியோடு உட்கார்ந்து எழுதியும் வைத்திருந்தோம். அதைத் துணிச்சல் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன்.

கரையோரம் | வியாழன், இரவு 9:15

போனேன்.

முழங்கால், கை, தலை என்று பயிற்சியாளரிடம் சொன்னேன். சரி என்று பக்கத்தில் நின்றார். ஒரு கை கம்பியில். முதல் தடவை முழங்காலை இழுத்ததும் உடம்பு பக்கவாட்டில் சாய்ந்து, அலறிவிட்டேன். ஏழாவது எட்டாவது தடவையில்தான் தண்ணீரை அழுத்தினால் அது திருப்பித் தள்ளுகிறது என்பது உள்ளங்கையில் தெரிந்தது. முப்பது தடவைக்கு மேல் செய்திருப்பேன். கடைசி ஐந்து தடவை கம்பி இல்லாமல்.

முகம் நனையவில்லை. வீட்டுப் பாத்திரத்தில் மூக்கு நுனி வரை போயிருக்கிறேன், மூன்றே நொடி.

இலைமறைவு | வியாழன், இரவு 9:40

கம்பி இல்லாமல் ஐந்து! முகத்தை விடுங்கள், அது வரும்.

பழந்துடுப்பு | வெள்ளி, காலை 8:10

மிக நன்று. ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், பயம் குறையும்போதுதான் இது தேவைப்படும். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். ஆகவே தண்ணீரைக் கண்டு உங்களுக்கு வரும் பயம் முழுக்கப் பொய் இல்லை, அதில் ஒரு பங்கை வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இறங்காதீர்கள். மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்த மாட்டார், சத்தமே இல்லாமல் நடந்துவிடும். யார் எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்பது என்ற போட்டிக்குப் போகாதீர்கள். அதற்காக முன்னாலேயே வேகவேகமாக மூச்சு வாங்கிக்கொள்வது இன்னும் மோசம். கரியமில வாயு குறைந்து, தவிப்பு வருவதற்குள் நினைவு தப்பிவிடும்.

கரையோரம் | நான்கு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:30

இடையில் எழுதாததற்கு மன்னியுங்கள். ஆறாவது வகுப்பில் முகம் உள்ளே போனது. முனகிக்கொண்டே. கண்ணைத் திறந்தபோது தரை ஓடுகளின் கோடு தெரிந்தது. பச்சை இல்லை, வெளிர் நீலம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு முழங்காலை இழுத்து எழுந்தேன்.

போன வாரம் பராமரிப்பு வேலை என்று வகுப்பை வேறு குளத்துக்கு மாற்றினார்கள். தண்ணீர் கொஞ்சம் கலங்கல், கூரை தாழ்வு, எதிரொலி அதிகம். தாடை நனைந்ததும் பழைய தொண்டை இறுக்கம் அப்படியே வந்து நின்றது. இலைமறைவு சொன்ன பீட்டரை நினைத்துக்கொண்டேன். கம்பிக்குப் போய், முதல் நாள் மாதிரி முழங்கால் கை தலை என்று பதினைந்து தடவை. அப்புறம் உதடு. அப்புறம் மூக்கு. வகுப்பு முடிவதற்குள் முகம் நனைந்துவிட்டது. முதல் தடவை ஆறு வகுப்பு ஆனது, இங்கே ஒரு மணி நேரம்.

நேற்று பழைய குளத்துக்குத் திரும்பினோம். மிதந்து எழுந்தபோது பக்கத்துத் தடத்துப் பையன் ஒருவன் கயிற்றில் தொங்கிக்கொண்டு என்னையே பார்த்தான். "ஆன்ட்டி, தண்ணிக்குள்ள என்ன பாட்டுப் பாடுறீங்க?" என்றான். முனகுகிறேன், மூக்கில் தண்ணீர் ஏறாது என்றேன். உடனே முங்கிப் பார்த்துவிட்டு எழுந்து, "எனக்கும் ஏறல!" என்று கூட்டாளிகளைக் கூப்பிட்டான். ஐந்து பிள்ளைகள் வரிசையாக முங்கி முனகினார்கள்.

பழந்துடுப்பு ஐயா, அடுத்த வாரம் ஆழமான பக்கம் என்கிறார்கள். அங்கே கால் எட்டாது. முழங்காலை இழுத்து எங்கே ஊன்றுவது? வயிற்றுக்குள் பழைய ஆள் மறுபடி வந்து உட்கார்ந்துவிட்டார்.

பழந்துடுப்பு | ஞாயிறு, இரவு 8:05

சரியான கேள்வி. கால் எட்டாத இடத்தில் எழுவதற்குப் பதில் மல்லாந்து படுப்பது. மூக்கும் வாயும் வானத்தைப் பார்த்துவிட்டால் மூச்சு உங்கள் கையில், அங்கேயே கிடந்து ஆசுவாசம் செய்துகொண்டு காலை மெல்ல உதைத்து விளிம்புக்கு வந்துவிடலாம். குப்புற மிதக்கும்போது ஒரு தோளைத் தாழ்த்தி, தலையையும் உடம்பையும் சேர்த்தே புரட்டுங்கள். தலையைத் தூக்கிக்கொண்டு திரும்பாதீர்கள். அந்தப் பக்கம் போவதற்கு முன் நெஞ்சளவிலேயே இதை முப்பது தடவை செய்துவிடுங்கள். மல்லாந்ததும் காது இரண்டும் தண்ணீருக்குள் போகும். வெளிச்சத்தம் அடங்கி, உங்கள் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்கும். கிணற்று இரைச்சலை அது நினைவுபடுத்தலாம் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். முதல் தடவை பயிற்சியாளரின் உள்ளங்கை உங்கள் பிடரிக்குக் கீழே இருக்கட்டும்.